நீண்டதூர விமானம் ரத்தானால் எந்த நிலையத்துக்கு மாறுவது?

நீண்டதூர விமானம் ஒன்று ரத்தாகும்போது முந்நூறு நானூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே கேள்வி எழுகிறது: பக்கத்தில் வேறு எங்கிருந்தாவது கிளம்ப முடியுமா? போனில் தேடினால் ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இன்னொரு விமான நிலையம் தெரியும். அங்கிருந்து இன்றிரவே ஒரு விமானம் இருப்பதாகவும் காட்டும். உடனே பாதிப் பேர் டாக்ஸி தேடி ஓடுவார்கள். மீதிப் பேர் கவுன்டர் வரிசையில் நிற்பார்கள். இரு தரப்பிலுமே பலர் பதற்றத்தில் முடிவெடுத்தவர்கள்தான்.

குறைந்த தூரப் பயணமென்றால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் கிடையாது. சில மணி நேரத்தில் அடுத்த விமானம் இருக்கும், இல்லாவிட்டால் ரயிலோ பஸ்ஸோ இருக்கும். கடல் கடந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறக்கும் விமானங்கள் அப்படியில்லை. ஒரு நிறுவனம் ஒரு ஊருக்குப் பெரும்பாலும் நாளுக்கு ஒரு விமானம்தான் விடும். சில வழித்தடங்களில் வாரத்துக்கு மூன்றே மூன்று. நாளைய விமானத்தில் பெரும்பாலான இடங்கள் ஏற்கெனவே விற்றுப்போயிருக்கும். முந்நூறு பேர் காத்திருந்து, நாளுக்கு இருபது இடம் மட்டும் காலியாக இருந்தால், அந்த ஒரே விமானத்தை நம்பி எல்லாரையும் அனுப்பி முடிக்கப் பதினைந்து நாள் ஆகும். நிலையத்தை மாற்றும் யோசனைக்கு உண்மையான மதிப்பு வருவது இதனால்தான்.

இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். அதே நிலையத்தில் காத்திருக்கலாம். அதே நகரத்தின் இன்னொரு நிலையத்துக்குப் போகலாம். ரயிலிலோ காரிலோ சில மணி நேரம் தள்ளியிருக்கும் வேறு நகரத்துக்குப் போய் அங்கிருந்து பறக்கலாம். அது எல்லை தாண்டிய வேறு நாடாகவும் இருக்கலாம். அல்லது கிளம்பும் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இறங்கும் நிலையத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வழி பெரும்பாலோர் நினைவுக்கே வருவதில்லை. என் கணிப்பில் பல சமயம் அதுதான் சிறந்தது. அதற்கு வருமுன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எதனால் ரத்தானது?

காரணம் தெரியாமல் நிலையத்தை மாற்றினால், போகிற இடத்திலும் அதே காரணம் காத்திருக்கலாம். காரணம் எவ்வளவு பரப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு தூரம் தள்ளித் தேட வேண்டும் என்பது முடிவாகிறது.

2025 மார்ச் 21 அன்று லண்டன் ஹீத்ரோ நிலையம் ஏறக்குறைய நாள் முழுக்க மூடிக் கிடந்தது. அதற்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையம் ஒன்றில் முந்தைய இரவு தீப்பிடித்திருந்தது. 1,300-க்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஆனால் லண்டனின் மற்ற நிலையங்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன, ஏனென்றால் சிக்கல் ஒரே வளாகத்துக்குள் அடங்கியிருந்தது. 2018 டிசம்பரில் இதற்கு நேர் மாறாக, கேட்விக் நிலையத்தின் அருகே ட்ரோன் பறப்பதாகத் தகவல் வந்து அதன் ஓடுபாதை மூடப்பட்டது. அப்போது ஹீத்ரோ திறந்திருந்தது. இப்படிப்பட்ட நாட்களில் அதே நகரத்தின் அடுத்த நிலையம் நல்ல யோசனை.

வானிலை என்றால் கதை வேறு. 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய மழை, அங்கே 1949-லிருந்து இருக்கும் பதிவுகளிலேயே இல்லாத மழை. அதே மழை பக்கத்து ஷார்ஜாவையும் மூழ்கடித்தது. நிலையங்களுக்கு இடையே போகும் சாலைகளும் தண்ணீருக்குள் இருந்தன. இப்படிப்பட்ட நாளில் பக்கத்து நிலையம் என்பது வரைபடத்தில் மட்டும்தான் பக்கம்.

வானிலையிலும் நுணுக்கம் உண்டு. பனிப்புயலும் சூறாவளியும் ஒரு பெரிய வட்டாரத்தையே முடக்கும். மூடுபனி அப்படியில்லை, ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை விட்டுவிடும். சான் பிரான்சிஸ்கோ நிலையத்தின் இணையான ஓடுபாதைகளுக்கு இடையே உள்ள தூரம் 750 அடிதான். மேகம் தாழ்ந்து வந்தால் இரண்டு விமானங்களை அருகருகே இறக்க முடியாமல் வரத்து குறைந்துவிடும். விரிகுடாவின் மறுகரையில் இருக்கும் ஓக்லாந்துக்கு அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆனால் ஓக்லாந்திலிருந்து கண்டம் தாண்டும் விமானங்கள் மிகக் குறைவு என்பது வேறு விஷயம்.

வான்வெளியே மூடப்பட்டால் நிலையத்தை மாற்றுவதில் பயனில்லை, பாதையை மாற்ற வேண்டும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைத் தற்காலிகமாக மூடியது. பஹ்ரைனும் குவைத்தும் சிறிது நேரம் மூடின. அன்று தோஹா வழியாகப் போக இருந்தவருக்கு உதவக்கூடியது, வளைகுடாவைத் தொடாமல் போகும் இன்னொரு வழித்தடம்தான். அது அவர் நின்றிருந்த அதே நிலையத்தின் இன்னொரு கவுன்டரிலேயே இருந்திருக்கலாம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பாவின் வடக்கையும் நடுப்பகுதியையும் கிட்டத்தட்ட ஒரு வாரம் முடக்கியது. ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. அப்போது ஸ்பெயின் நிலையங்கள் பெரும்பாலும் திறந்திருந்தன. ரயிலிலும் பஸ்ஸிலும் மாட்ரிட் வரை போனவர்கள் அங்கிருந்து பறக்க முடிந்தது. தீர்வு இருந்த இடம் அறுபது கிலோமீட்டரில் இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

கடைசியாக, கோளாறு நிறுவனத்துடையது என்றால் – விமானத்தில் பழுது, பணியாளர் பற்றாக்குறை, விமானிகள் வேலைநிறுத்தம், கணினி முடக்கம் – நீங்கள் நிற்கும் நிலையத்தில் எந்தத் தவறும் இல்லை. அதே நிலையத்தில் வேறு நிறுவனத்தின் விமானம்தான் முதல் தேர்வு. அதே நிறுவனத்தை நம்பி வேறு நிலையத்துக்கு ஓடுவது, அதே கோளாறை இன்னொரு கூரைக்குக் கீழே சந்திக்கப் போவதாகும். ஒரே விதிவிலக்கு, பழுது அந்த ஒரு விமானத்தில் மட்டும் இருந்து, அதே நிறுவனம் பக்கத்து நிலையத்திலிருந்தும் அதே ஊருக்குப் பறப்பது. அப்படியிருந்தால் நிறுவனத்துக்கே உங்களை மாற்றிவிடுவது சுலபம்.

காரணத்தைக் கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் அந்தத் தாள் பிறகு தேவைப்படும்.

அதே நகரத்தின் இன்னொரு நிலையம்

முதலில் பார்க்க வேண்டியது, அந்த நிலையத்திலிருந்து நீண்டதூர விமானங்கள் கிளம்புகின்றனவா என்பது. பெயரில் சர்வதேச என்று இருப்பது போதாது. நியூயார்க்கின் லகார்டியா நகருக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் 1,500 மைலுக்கு மேல் போகும் விமானங்களுக்குப் பொதுவாக அங்கே அனுமதி இல்லை. வாஷிங்டனின் ரீகன் நிலையத்துக்கும் 1,250 மைல் வரம்பு உண்டு, சில விதிவிலக்குகளோடு. லண்டன் சிட்டி நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். நீண்டதூரம் போகும் பெரிய அகல உடல் விமானம் எதுவும் அங்கே இறங்காது. மிலானில் லினாத்தே குறுந்தூரத்துக்கு, மல்பென்சா நெடுந்தூரத்துக்கு. ஷாங்காயில் ஹோங்சியாவ் பெரும்பாலும் உள்நாட்டுக்கு, புடோங் வெளிநாட்டுக்கு. சியோலில் கிம்போவும் இஞ்சியோனும் அப்படியே. ஆக, இந்த நகரங்களில் உங்கள் நீண்டதூர விமானம் ரத்தாகும்போது நகரத்துக்குள் மாற்று என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை.

உண்மையிலேயே மாற்றாக நிற்கும் ஜோடிகள் குறைவு. டோக்கியோவின் நரிதாவும் ஹனேதாவும் நல்ல உதாரணம். இரண்டிலிருந்தும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏராளமான விமானங்கள் போகின்றன, ஒரே நிறுவனம் இரண்டிலிருந்தும் ஒரே ஊருக்குப் பறப்பதும் உண்டு. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.யும் நுவார்க்கும் அப்படிப்பட்டவை. ஹீத்ரோவும் கேட்விக்கும் ஓரளவுக்கு. கேட்விக்கிலிருந்து நீண்டதூர வழித்தடங்கள் உண்டு, ஆனால் ஹீத்ரோவின் பட்டியல் நீளம்.

அடுத்தது நேரக் கணக்கு. பலரும் சாலைத் தூரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். ஹீத்ரோவிலிருந்து கேட்விக்குக்குச் சாலையில் கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துச் சொச்சம். ரயிலில் போக நினைத்தால் எலிசபெத் பாதையில் ஃபேரிங்டன் வரை வந்து அங்கே கேட்விக் போகும் தேம்ஸ்லிங்க் ரயிலுக்கு மாறலாம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு மாற்றம்தான். ஜே.எஃப்.கே.யிலிருந்து நுவார்க் போவதென்றால் மன்ஹாட்டனைக் கடந்தாக வேண்டும், மாலை நேரத்தில் அதை நம்பி உட்கார முடியாது. ஆனால் சாலையில் கால் வைக்குமுன் செலவாகும் நேரம்தான் பெரும்பாலும் ஆளை வீழ்த்துகிறது. எமிக்ரேஷன் தாண்டிய பிறகு விமானம் ரத்தானால், நாட்டுக்குள் திரும்ப வருவதற்கே ஒரு நடைமுறை உண்டு. பல நாடுகளில் வெளியேறிய முத்திரையை ரத்து செய்து கூட்டமாக அழைத்து வருவார்கள். பிறகு ஏற்றப்பட்ட பெட்டிகள் இறக்கப்பட்டு பெல்ட்டுக்கு வர வேண்டும். இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தை விழுங்குவது சாதாரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு ரத்து அறிவிப்பு. மற்ற நிலையத்தில் இரவு பத்து மணிக்கு விமானம். கையில் ஐந்து மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். வெளியே வந்து பெட்டி எடுக்க இரண்டு மணி நேரம், வாகனம் பிடித்துப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம். நீண்டதூர விமானத்துக்குச் செக்-இன் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடும். மிஞ்சுவது அரை மணி. அந்த அரை மணியில், வந்து சேர்ந்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். இதை நான் எடுக்க மாட்டேன். அந்த மற்ற நிலையத்திலிருந்து மறுநாள் காலை கிளம்பும் விமானத்தில் உறுதியான இடம் கேட்டு வாங்கி, இரவு அந்தப் பக்கம் போய்த் தங்குவேன். கைப்பை மட்டும் வைத்திருப்பவர், இன்னும் செக்-இன் செய்யாதவர், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செய்தி வந்துவிட்டவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் மாறும். அவர்களுக்குச் சகோதர நிலையம் மிகச் சிறந்த வழி.

இணைப்பு விமானத்துக்காக நடுவழியில் நிற்பவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். டிரான்ஸிட் பகுதிக்குள் இருக்க விசா தேவைப்படாத நாட்டில்கூட, வெளியே வந்து வேறு நிலையத்துக்குப் போக விசா தேவைப்படலாம். அமெரிக்காவில் டிரான்ஸிட் பகுதி என்று தனியாக ஒன்றே கிடையாது. வழியில் இறங்கி ஏறினாலும் நுழைவு நடைமுறை உண்டு, விசா வேண்டிய பாஸ்போர்ட் என்றால் விசா இல்லாமல் அந்த வழியில் அனுப்பவே மாட்டார்கள். நிறுவன ஊழியர் அவசரத்தில் மாற்றுப் பாதை போட்டுத் தரும்போது இதைச் சரிபார்ப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம். நாமே கேட்டுவிட வேண்டும்.

அங்கேயே காத்திருப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காரணம் சீக்கிரம் தீரக்கூடியதாக இருந்து, நாளைய விமானத்தில் பெயரோடு இருக்கை எண்ணும் கிடைத்துவிட்டால் காத்திருங்கள். முன்பு சொன்ன ஹீத்ரோ, மூடிக் கிடந்த அன்று மாலையே மெல்லத் திறந்து மறுநாள் முழுவதுமாக இயங்கத் தொடங்கியது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நிலையம் திறந்துவிட்டது என்பதும் உங்கள் விமானம் கிளம்புகிறது என்பதும் ஒன்றல்ல. மூடியிருந்த நேரத்தில் விமானங்கள் எங்கெங்கோ திருப்பிவிடப்பட்டிருக்கும், பணியாளர்களின் வேலை நேரம் முடிந்திருக்கும். அதனால் அடுத்த ஒன்றிரண்டு நாட்களும் ரத்துகள் தொடரும். வெயிட்டிங் லிஸ்டில் பெயர் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் அதை இருக்கையாக எண்ண வேண்டாம்.

வேறு நகரம், வேறு நாடு

இங்கே தூரத்தைவிட ரயில் முக்கியம். ஃபிராங்க்ஃபர்ட் நிலையத்துக்குள்ளேயே அதிவேக ரயில் நிற்கிறது. பாரிஸ் சார்ல்ஸ் த கோல் நிலையத்திலும் அப்படியே. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலிலும் ஜூரிக்கிலும் ரயில் நிலையம் முனையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. 2025 மார்ச் 10 அன்று ஜெர்மனியில் 13 விமான நிலையங்களில் ஒரே நாளில் வேலைநிறுத்தம் நடந்தது. நாடு முழுக்க முடங்கியதால் ஜெர்மனிக்குள் எந்த நிலையத்துக்கு மாறியும் பெரிய பயனில்லை. ஆனால் ரயில்கள் ஓடின. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆம்ஸ்டர்டாமும் ஜூரிக்கும் ஏறக்குறைய நாலு மணி நேரம், அங்கே விமானங்கள் பறந்தன. மூன்றுமே ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள் என்பதால் புதிய விசாவும் தேவையில்லை. எல்லை தாண்டுவது சரியான முடிவாக இருந்த நாள் அது.

இதையே லண்டனிலிருந்து பாரிஸுக்குச் செய்ய நினைத்தால் ஷெங்கன் விசா குறுக்கே நிற்கும். டொராண்டோவிலிருந்து பஃபலோ காரில் இரண்டு மணி நேரத் தூரம், ஆனால் நடுவில் அமெரிக்க எல்லை. ஹாங்காங்கும் ஷென்ஜெனும் தொட்டுக்கொண்டு இருக்கின்றன, நடுவில் எல்லைச் சோதனை இருக்கிறது. வியன்னாவுக்கும் பிராட்டிஸ்லாவாவுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், எல்லைத் தொல்லையும் பொதுவாக இல்லை, ஆனால் பிராட்டிஸ்லாவாவிலிருந்து கண்டம் தாண்டும் விமானம் தேடினால் கிடைப்பது கடினம். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வந்தவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வெளியேறிவிட்டால் அந்த விசா முடிந்தது. பக்கத்து நாட்டிலும் விமானம் கிடைக்காவிட்டால் திரும்பி வரவும் முடியாது.

வேறு நகரத்துக்குப் போவது என்றால், அங்கிருந்து உங்கள் ஊருக்கு நாளுக்கு எத்தனை விமானம் போகிறது என்று பாருங்கள். ஒன்றே ஒன்று இருக்கும் நிலையத்துக்கு நாலு மணி நேரம் பயணம் செய்வதில் ஆபத்து இருக்கிறது. அதுவும் தப்பினால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். மூன்று நிறுவனங்கள் பறக்கும் பெரிய நிலையம் ஆறு மணி நேரத் தூரத்தில் இருந்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அப்புறம், ரயிலே கடைசி ரயிலாக இருக்கக் கூடாது. முதல் ரயில் தாமதமானால் அடுத்தது இருக்க வேண்டும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், உறுதியான டிக்கெட் கையில் இருந்தால் தவிர.

இறங்கும் இடத்தை மாற்றுவது

தரைவழிப் பயணத்தை விமானத்துக்கு முன்னால் வைத்தால் அதற்குக் கெடு உண்டு. ரயில் தாமதம், சாலை நெரிசல், டாக்ஸி கிடைக்காதது, எது நடந்தாலும் விமானம் போய்விடும். அதே பயணத்தை விமானத்துக்குப் பின்னால் வைத்தால் கெடுவே கிடையாது. இரண்டு மணி நேரம் தாமதமானால் இரண்டு மணி நேரம் தாமதமாக வீடு போய்ச் சேருவீர்கள், அவ்வளவுதான். கடலைத் தாண்டிவிட்டீர்கள், இனி உங்களை யாரும் ரத்து செய்ய முடியாது. பக்கத்து நிலையத்தைத் தேடும்போது நாம் நிற்கும் இடத்தைச் சுற்றியே தேடுகிறோம். போக வேண்டிய ஊரைச் சுற்றித்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் இன்னும் லாபங்கள் இருக்கின்றன. எமிக்ரேஷனிலிருந்து திரும்பி வர வேண்டாம். ஒரே நிலையம் என்பதால் உங்கள் பெட்டியை அவர்களே புதிய விமானத்துக்கு மாற்ற வாய்ப்பு உண்டு. மற்ற பயணிகள் எல்லாரும் அதே ஊருக்குத்தான் இடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள், எனவே பக்கத்து ஊருக்கான விமானத்தில் போட்டி குறைவு. நியூயார்க் போக வேண்டியவர் நுவார்க் மட்டுமல்ல, ஃபிலடெல்ஃபியாவையோ பாஸ்டனையோ கேட்கலாம், அங்கிருந்து நியூயார்க்குக்கு ரயில் இருக்கிறது. பாரிஸ் போக வேண்டியவர் பிரஸ்ஸல்ஸைக் கேட்கலாம், அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஒசாகா போக வேண்டியவர் டோக்கியோவில் இறங்கி புல்லட் ரயில் ஏறலாம். 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி சூறாவளியில் ஒசாகாவின் கன்சாய் நிலையம் தண்ணீரில் மூழ்கி, ஒரு எண்ணெய்க் கப்பல் மோதி அதன் பாலமும் உடைந்தது. ஒசாகாவிலேயே இருக்கும் இட்டாமி உள்நாட்டு விமானங்களுக்கானது என்பதால் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு நேரடியாக உதவாது. நகோயாவோ டோக்கியோவோதான் வழி.

குறைகளும் உண்டு. ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் பறந்து இறங்கியவர் உடனே நாலு மணி நேரம் கார் ஓட்டக் கூடாது. இந்த வழி ரயிலோ பஸ்ஸோ இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். இறங்கும் நேரத்தில் கடைசி ரயில் போய்விட்டிருந்தால் ஒரு இரவு அறை எடுக்க வேண்டியிருக்கும். வேறு நாட்டில் இறங்குவதாக இருந்தால் அங்கேயும் விசா கேள்வி வரும். கோளாறு நீங்கள் கிளம்பும் நிலையத்திலேயே என்றால் இந்த வழிக்கு இடமில்லை. அது திறக்க வேண்டும், அல்லது நீங்கள் நகர வேண்டும்.

சட்டமும் இந்த வழிக்குச் சாதகமாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் எட்டாவது பிரிவு இதை நேரடியாகவே பேசுகிறது. ஒரு நகரத்துக்கோ வட்டாரத்துக்கோ பல நிலையங்கள் இருந்து, பதிவு செய்ததற்குப் பதிலாக வேறொன்றில் இறக்கிவிட நிறுவனம் முன்வந்தால், அங்கிருந்து முதலில் பதிவு செய்த நிலையத்துக்கோ நீங்கள் ஒப்புக்கொண்ட பக்கத்து இடத்துக்கோ போகும் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். 2021-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்துவைத்தது. வியன்னாவிலிருந்து பெர்லின் டேகல் போக வேண்டிய விமானம் ஷோனஃபெல்டில் இறங்கிய வழக்கு. அதே நகரத்தின் வேறு நிலையத்தில் இறங்கியதற்காக மட்டும் நஷ்டஈடு கிடையாது என்றார்கள். ஆனால் மேற்கொண்டு போகும் செலவை ஏற்பதாக நிறுவனம் தானாகவே முன்வந்து சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பயணி செய்த நியாயமான செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. ரசீதை வைத்திருங்கள்.

டிக்கெட் நகராமல் நீங்கள் நகராதீர்கள்

எந்த வழியை எடுத்தாலும், புதிய விமானத்தின் உறுதிச்சீட்டு மெயிலிலோ செயலியிலோ வந்து, அதில் புதிய நிலையத்தின் பெயர் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும். அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஊழியரின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த நிலையத்துக் கவுன்டரில் இருப்பவர் வேறு ஆள். பல விமானங்கள் சேர்ந்த டிக்கெட்டில் முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகள் தானாக ரத்தாகும் ஏற்பாடு பெரும்பாலான நிறுவனங்களில் இருக்கிறது. கிளம்பும் நிலையம் மாறியது கணினியில் பதிவாகாவிட்டால் நீங்கள் வராதவர் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள்.

இன்னொரு பொறி, ரீஃபண்ட் பட்டன். ரத்துச் செய்தியோடு பணத்தைத் திரும்பப் பெற ஒரு இணைப்பும் வரும். ஐரோப்பிய விதியில் பணத்தை வாங்குவதும், வேறு விமானத்தில் அனுப்பச் சொல்வதும் ஒன்றுக்கு ஒன்று மாற்று. பணத்தை எடுத்துவிட்டால் உங்களை ஊருக்குக் கொண்டு சேர்க்கும் கடமையும், உணவு, அறை தரும் கடமையும் முடிந்துவிடும். கடைசி நேர டிக்கெட்டை உங்கள் பணத்தில் வாங்க வேண்டும், பழைய கட்டணம் அதில் பாதிக்குக்கூட வராமல் போகலாம். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை நஷ்டஈடு என்பது தனி உரிமை. இயற்கைச் சீற்றம் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு அது கிடைக்காது, ஆனால் அப்போதும் அனுப்பிவைக்கும் கடமையும் பராமரிக்கும் கடமையும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும் இந்த விதி உண்டு. வெளியிலிருந்து அங்கே போகும்போது அந்த ஒன்றியத்து நிறுவனங்களுக்கு மட்டும்தான்.

கனடாவில் பெரிய நிறுவனங்களுக்கான விதி நம் கேள்வியையே பேசுகிறது. குறித்த நேரத்துக்குள் தன் விமானத்திலோ கூட்டாளி விமானத்திலோ இடம் தர முடியாவிட்டால் மற்ற நிறுவனங்களின் விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். அந்த நிலையத்திலிருந்து அதுவும் முடியாவிட்டால், நியாயமான தூரத்தில் இருக்கும் வேறு நிலையத்துக்கு உங்களைக் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் இப்படி ஒரு கடமை இல்லை. ஆனால் 2024-ல் வந்த விதிப்படி, கிளம்பும் அல்லது இறங்கும் நிலையத்தை நிறுவனம் மாற்றினாலே அது பெரிய மாற்றம்; அதை நீங்கள் ஏற்காவிட்டால் கார்டில் செலுத்திய பணம் ஏழு வேலை நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும்.

கவுன்டரில் நிற்கும்போதே கால் சென்டருக்கும் போன் போடுங்கள், செயலியிலும் பாருங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அது. கேட்கும்போது "வேறு ஏதாவது இருக்கிறதா" என்று கேட்காமல், விமான எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: இன்றிரவு இந்த விமானத்தில் இந்த ஊருக்கு இடம் காட்டுகிறது, அதில் மாற்றித் தாருங்கள், அங்கிருந்து நான் ரயிலில் போய்க்கொள்கிறேன். ஊழியரின் திரையில் பக்கத்து நிலையங்கள் தானாக வருவதில்லை. முழு நகரத்தையும் ஒன்றாகப் பார்க்கும் குறியீடு லண்டன், நியூயார்க், டோக்கியோ போன்ற நகரங்களுக்கு உண்டு, ஆனால் ஃபிலடெல்ஃபியா எவ்வளவு பக்கம் என்று அது அவருக்குச் சொல்லாது.

போகும் டிக்கெட்டை மாற்றித் தரும்போதே திரும்பும் டிக்கெட்டையும் பார்த்துவிடுங்கள். ஒரு நிலையத்தில் காரை விட்டுவிட்டு இன்னொன்றிலிருந்து கிளம்பியவர், திரும்பும்போது காரை விட்ட நிலையத்திலேயே வந்து இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். மாற்று டிக்கெட் போடும்போது சில சமயம் திரும்பும் பகுதியும் சேர்ந்து மாறிவிடும். ரத்தான நாளில், கவுன்டரில் நிற்கும்போதே, அதைக் கட்டணமில்லாமல் சரிசெய்து வாங்குவது எளிது.